வேலை, பிள்ளைகள், கணக்கீட்டுப் படிப்பு: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அக்கா, நான் ஒரு கம்பனியில அக்கவுண்ட்ஸ் எக்சிக்யூட்டிவ். ரெண்டு சின்னப் பிள்ளைகள். வெளிவாரிப் பட்டமா, ஏசிசிஏயா?

பட்டதாரி என்று கேட்கும் அரச வேலை, மேற்படிப்பு, இவைதான் நோக்கம் என்றால் பட்டம். இருக்கிற துறையிலேயே மேலே போகத்தான் என்றால் ஏசிசிஏ என்ற கணக்காளர் தொழில்தகைமை. லண்டன் பல்கலைக்கழகத்தின் கணக்கீடு, நிதிப் பட்டத்தை வகுப்புக்குப் போகாமல் தனியாகவும் பதிந்து படிக்கலாம். ஆனால் பரீட்சை மே, ஜூனில்தான் வரும். ஏசிசிஏயின் பெரும்பாலான தாள்கள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என நான்கு முறை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏசிசிஏயின் 13 தாள்களில் முதல் 9 தாள்களுக்கு இப்போதைய விதிப்படி காலக்கெடு இல்லை. கடைசி நான்கில் ஒன்று சித்தியடைந்த நாளிலிருந்துதான் 7 வருடக் கணக்கு ஓடத் தொடங்கும். கைக்குழந்தை இருக்கும் வருடங்களில் முதல் ஒன்பதை ஆறுதலாக முடியுங்கள். கடைசி நான்கைத் தொடாதீர்கள்.

தெஹிவளை: ஏசிசிஏக்கு எந்த சிட்டிங் (பரீட்சை மாதம்) நல்லது?

கணக்குப் பிரிவில் வேலை என்றால் செப்டம்பர். உங்கள் கம்பனி மார்ச் 31இல் ஆண்டு முடிக்கிறதா? ஏப்ரல், மே முழுக்க ஃபைனல் அக்கவுண்ட்ஸும் ஓடிட்டரும்தான், ஜூன் பரீட்சைக்குப் படிக்க முடியாது. வரி வேலை செய்பவர்களுக்கு டிசம்பரும் சரிவராது. நவம்பர் 30 வருமான வரி ரிட்டேர்ன் கொடுக்கும் கடைசி நாள்.

கிராண்ட்பாஸ்: ஒரு தனியார் நிறுவனம் வார இறுதி வகுப்பில டிகிரி தருகினமாம். சேரலாமா?

பணம் கட்ட முதல் இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தப் பட்டம் தனியாக அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரு பட்டம் செல்லும், அடுத்தது செல்லாது.

கொட்டாஞ்சேனை: பி.கொம் முடிச்சனான். ஏசிசிஏயில எஃப்ஆர் (நிதி அறிக்கையிடல் தாள்) வரை எக்ஸெம்ப்ஷன் (எழுதாமலே விலக்கு) கிடைக்கும். எடுக்கட்டா?

முதலில், அது இலவசம் அல்ல. ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் உண்டு. பிடி (வணிகம்), லோ (சட்டம்) இரண்டு தாளுக்கும் எக்ஸெம்ப்ஷனை யோசிக்காமல் எடுங்கள். எஃப்ஆரை எழுதுங்கள்.

மட்டக்குளி: தங்கச்சி, குடும்பக்காரனுக்கு நேரம்தான் காசு. மூன்று மாதம் மிச்சம். எஸ்பிஆர் (கடைசி நான்கில் வரும் மேல்நிலை அறிக்கையிடல் தாள்) வகுப்பில பார்த்துக்கொள்ளலாமே?

இல்லை அண்ணா. எஸ்பிஆர் வகுப்பில் கன்சாலிடேஷனை (பேரன்ட் என்ற தாய்க் கம்பனி, சப்சிடியரி என்ற துணைக் கம்பனி இரண்டின் கணக்கையும் ஒரே குழுக் கணக்காக்குவது) அடியிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். அது தெரியும் என்று வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பங்கு வாங்குவது, வெளிநாட்டு சப்சிடியரி என்று மேலே போவார்கள். எஃப்ஆரில் இரண்டு தடவை தவறினாலும் காசுதான் போகும். கடைசி நான்கில் ஏதாவது ஒன்று பாஸான பிறகு எஸ்பிஆரில் தவறினால் அந்த 7 வருடத்தில் இருந்து போகும்.

மட்டக்குளி: எல்லாருக்கும் அப்படிச் சொல்ல ஏலாதே. வேலையில தினமும் குரூப் அக்கவுண்ட்ஸ் செய்யிறவனும் எழுத வேணுமா?

அது நியாயமான கேள்வி. சோதித்துப் பார்க்கலாம். எஃப்ஆர் பழைய தாளில் 20 புள்ளிக் கன்சாலிடேஷன் கேள்வி ஒன்றை 36 நிமிடத்தில் செய்யுங்கள் (180 நிமிடம், 100 புள்ளி, ஆகவே புள்ளிக்கு 1.8 நிமிடம்). 14க்கு மேல் வந்தால் எக்ஸெம்ப்ஷன் எடுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன்.

கொட்டாஞ்சேனை: செய்து பார்த்தன். 9தான். உழைக்காத இலாபத்தில பிழைச்சுட்டுது.

குழுவுக்கு வெளியே இன்னும் விற்காத சரக்கில் நிற்கும் இலாபம் அது, அதிகம் பேர் விழும் இடம். சப்சிடியரி பேரன்டுக்கு 1,200,000 ரூபாவுக்கு விற்றது, கிரயத்தின் மேல் 25% இலாபம், பாதிச் சரக்கு ஆண்டிறுதியில் கையிருப்பில் என்று வையுங்கள். 600,000 × 25/125 = 120,000. நேராக 25 வீதம் போட்டால் 150,000 வரும். அது விற்பனை விலையின் மேல் 25% என்றால்தான் சரி. அடுத்தது, யார் விற்றது? சப்சிடியரி விற்றால், 80% உரிமை என்றால், குழுவின் திரட்டிய இலாபத்தில் 96,000, சிறுபான்மைப் பங்கில் (சப்சிடியரியின் மற்றப் பங்குதாரர்களுக்குரியது) 24,000 குறையும். பேரன்ட் விற்றிருந்தால் முழு 120,000உம் குழுவுக்கே. இருப்பில் 120,000 குறைப்பதையும் மறக்காதீர்கள், பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை.

எஃப்ஆர் எழுதுங்கள் தம்பி.

பம்பலப்பிட்டி: மலேசிய டிகிரி ஒன்று ஒன்லைன்ல...

மேலே கிராண்ட்பாஸுக்குச் சொன்னது போல முதலில் ஆணைக்குழுவின் இணையத்தளம். வெளிநாடு என்றால் அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வத்தளை: கடைக்கு வற் பதியிறது எப்படி?

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேளுங்கள். இங்கே படிப்பு மட்டும்.

மோதறை: எந்த ரியூசன் சேர் நல்லவர்?

பெயர் சொல்லமாட்டேன். இதோடு இதைக் கேட்கவும் வேண்டாம்.

இரத்மலானை: அக்கா, இரவு பிள்ளை படுத்த பிறகு கொப்பியில கணக்குச் செய்யிறன். போதுமா?

போதாது. பரீட்சை கணினியில், விடையை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஃபோர்முலாவோடு போட வேண்டும். கொப்பியில் வேகமாகச் செய்பவர் அங்கே எந்தக் கட்டத்தில் போடுவது என்று தேடிக்கொண்டு இருப்பார். ஏசிசிஏயின் பயிற்சித் தளம் மாணவருக்கு இலவசம். அதிலேயே செய்யுங்கள். கல்குலேட்டரில் அடித்த விடையை மட்டும் போட்டால், எண் பிழைத்தபின் படிமுறைக்குப் புள்ளி கொடுக்கத் திருத்துபவருக்கு ஒன்றும் இருக்காது.