அஜெண்டாவில் தலைப்பு எழுதாதீர்கள், கேள்வி எழுதுங்கள்

வணக்கம். பெங்களூரில் மென்பொருள் டீம்களை நடத்துவது என் வேலை. மீட்டிங் பற்றியும் அஜெண்டா பற்றியும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், அதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கேட்டவரின் ஏரியா ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்ட், புதிதாக டீம் லீட் ஆனவர்: அக்கா, திங்கள் மீட்டிங்குக்கு வாரா வாரம் அஜெண்டா அனுப்புகிறேன், ஒருத்தரும் படிப்பதில்லை. ஒரு மணி நேரம் என்று போட்டால் ஒன்றரை மணி நேரம் போகிறது, முடிவும் வருவதில்லை. நான் அனுப்புவது: ரிலீஸ், பக் (மென்பொருள் பிழை) நிலவரம், லீவ், இதர விஷயங்கள்.

அதில் படிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? ‘ரிலீஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்க்கிறவர் எதை யோசித்துக்கொண்டு வருவார்? அதையே “பேமென்ட் மாட்யூலில் இரண்டு பக் மிச்சம், வியாழக்கிழமை ரிலீஸ் பண்ணலாமா, அடுத்த வாரத்துக்குத் தள்ளலாமா?” என்று எழுதிப் பாருங்கள். டெஸ்டிங் பார்க்கிறவர் படித்த உடனே பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் யார் பேச ஆரம்பிப்பார், எத்தனை நிமிடம் என்று போடுங்கள். கேள்வியாக எழுத வராத விஷயம் வெறும் தகவல், அது மெயிலில் போகட்டும். எல்லாமே தகவல்தான் என்றால் அந்த வாரம் மீட்டிங்கையே ரத்து பண்ணுங்கள், தப்பே இல்லை.

வரிசையும் முக்கியம். லீவ் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை முதலில் வைத்தால் ஆளுக்கொரு கருத்து வந்து அதிலேயே பாதி நேரம் போய்விடும். பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ்காரர் 1957-லேயே இதை எழுதிவிட்டார்: அவர் சொல்லும் கமிட்டி ஒரு கோடி பவுண்டு அணு உலையை இரண்டரை நிமிடத்தில் ஒப்புக்கொள்கிறது, 350 பவுண்டு சைக்கிள் ஷெட்டுக்கு முக்கால் மணி நேரம் பேசுகிறது. உலை யாருக்கும் புரியாது, ஷெட் எல்லோருக்கும் புரியும், அவ்வளவுதான் காரணம். அதனால் கஷ்டமான கேள்வியை முதலில் வையுங்கள். ‘இதர விஷயங்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள், மீட்டிங்கைப் பாதி நேரம் இழுப்பது அதுதான்.

திங்கள் மீட்டிங்குக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்புங்கள். ஞாயிறு ராத்திரி அனுப்பிவிட்டுப் படித்து வரச் சொல்வது நியாயமில்லை. அப்புறமும் படிக்காமல் வந்தால் திட்டாதீர்கள், முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து அமைதியாகப் படியுங்கள். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-ல் மேல்மட்ட மீட்டிங்குகளில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, எழுத்தில் ஒரு குறிப்பைக் கொடுத்து அங்கேயே உட்கார்ந்து படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அவர்களுடையது ஆறு பக்கம் வரை போகும், நமக்கு ஒரு பக்கம் தாராளம்.

எலெக்ட்ரானிக் சிட்டி, டெஸ்டிங்: காலை ஸ்டாண்ட்-அப் (தினமும் நின்றபடி பேசும் சின்ன மீட்டிங்) முக்கால் மணி நேரம் ஓடுகிறது. இதற்குமா அஜெண்டா?

ஸ்க்ரம் என்ற டீம் வேலை முறையின் கையேடு சொல்வது 15 நிமிடம்தான். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற பழைய மூன்று கேள்விகளைக்கூட 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பல டீம்களில் ஆள் ஆளாக அதையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளை விட்டுவிட்டு, வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கும் போர்டைப் பாருங்கள். முடியப்போகிற வேலையிலிருந்து ஆரம்பித்து, இதை இன்று முடிக்க என்ன தேவை என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேர் மட்டும் பேச வேண்டியது வந்தால் அந்த இரண்டு பேர் பிறகு பேசிக்கொள்ளட்டும்.

பீன்யா, மெஷின் ஷாப் சூப்பர்வைசர்: எங்கள் ஆட்கள் மெயில் பார்ப்பதில்லை மேடம். கன்னடம், தமிழ், இந்தி என்று ஆளுக்கொரு மொழி. ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒரு பத்து நிமிடம் பேசுவோம், பேசியது காற்றில் போய்விடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் அஜெண்டா என்றாலே ஏசி ரூம் சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறோம். உங்களுக்குத் தேவை ஒரு வெள்ளை போர்டு, ஆட்கள் நிற்கும் இடத்திலேயே. ஷிஃப்டுக்கு முன்பே மூன்று விஷயத்தை எழுதிவிடுங்கள்: நேற்று வர வேண்டிய பீஸில் எத்தனை வந்தது, எந்த மெஷின் நிற்கிறது, எந்த மெட்டீரியல் குறைகிறது. எண்ணும் மெஷின் நம்பரும் எல்லா மொழிக்காரருக்கும் புரியும், அதனால் நீங்கள் நீளமாகப் பேச வேண்டியதில்லை. நிற்கிற மெஷினுக்குப் பக்கத்தில் யார் பார்ப்பார், எத்தனை மணிக்குள் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், எழுத வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். முக்கியமானதை ஒருவர் தன் மொழியில் திருப்பிச் சொல்லட்டும், தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த ஷிஃப்ட் வரும் வரை போர்டை அழிக்காதீர்கள். நேற்று எழுதியது இன்றும் அப்படியே நின்றால், இன்றைய முதல் கேள்வி அதுதான்.

மாரத்தஹள்ளி, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆனவர்: மேனேஜர் ‘குவிக் கேட்ச்-அப்’ என்று மட்டும் போட்டு அழைக்கிறார். நான் அஜெண்டா கேட்கலாமா?

தாராளமாக. “சார், இதில் எதை முடிவு பண்ணப்போகிறோம்? நான் எதைத் தயார் பண்ணிக்கொண்டு வரட்டும்?” என்று பதில் போடுங்கள் தம்பி. பணிவான கேள்வி, யாருக்கும் கோபம் வராது. பல மேனேஜர்கள் இந்த இரண்டு வரிக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் விஷயத்தையே யோசிப்பார்கள்.

பெல்லந்தூர், பேக்கெண்ட்: நியூயார்க் கிளையண்ட்டுடன் சாயங்காலம் போன் கால். வருடத்துக்கு இரண்டு முறை நேரம் மாறிக் குழப்பம் வருகிறது.

அவர்களுடைய காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். லண்டன்காரர்களும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவர்களுக்கு மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அஜெண்டாவின் முதல் வரியிலேயே இந்திய நேரத்தைத் தனியாக எழுதிவிடுங்கள். நம் ஆட்கள் பேச வேண்டிய கேள்விகளை முதலில் வைத்து, முடிந்ததும் அவர்களைப் போகவிடுங்கள். 6.30-க்கு சில்க் போர்டு சந்திப்பின் வண்டி நெரிசலில் ஒரு காதில் போனோடு நிற்பவரிடம் கருத்துக் கேட்பது அவருக்கும் நல்லதில்லை, உங்கள் முடிவுக்கும் நல்லதில்லை.

ஹெச்எஸ்ஆர் லேஅவுட், ஸ்டார்ட்-அப்: போர்டு மீட்டிங்குக்கும் (கம்பெனி டைரக்டர்கள் கூடுவது) இதே முறை போதுமா?

கேள்வியாக எழுதும் பழக்கம் போதும், ஆனால் அங்கே சட்டமும் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி பொதுவாக 7 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அஜெண்டாவில் இல்லாததை எடுக்க, தலைமை வகிப்பவரின் அனுமதியும் வந்திருக்கும் டைரக்டர்களில் பெரும்பான்மையினரின் சம்மதமும் வேண்டும். உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கே.ஆர்.புரம்: மினிட்ஸ் (மீட்டிங்கில் முடிவானதன் குறிப்பு) யார் எழுதுவது?

யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் முறை வைத்து மாற்றுங்கள், எப்போதும் டீமில் இருக்கும் ஒரே பெண்ணிடம் தள்ளிவிடாதீர்கள். தனி டாக்குமெண்ட் வேண்டாம். அஜெண்டாவில் அந்தந்தக் கேள்விக்குக் கீழேயே முடிவு, பெயர், தேதி மூன்றையும் எழுதி, எல்லோரும் எழுந்திருப்பதற்குள் உரக்கப் படித்துவிடுங்கள். “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்பவர் அங்கேயே சொல்லிவிடுவார்.