மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கத் தேவையில்லை, தங்கச்சி

வெள்ளவத்தையில் மெதடிஸ்த சபையில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் நீங்கள். இப்போது கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் மணமுடிக்கப் போகிறீர்கள், வருங்கால மாமி "திரும்ப எடுக்க வேணும்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். யோசிக்க வேண்டாம், தேவையே இல்லை.

தண்ணீரும், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரும் இருந்தால் கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்றுக்கொள்கிறது. இது புதுச் சலுகை இல்லை. 1547இலேயே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் உறுதிசெய்த விஷயம். ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டுப் புது வாழ்வுக்கு எழுவது என்கிறார் பவுல், ரோமர் நிருபத்தில். அந்தப் பிறப்பு ஒருமுறைதான், அதனால்தான் திரும்பக் கொடுப்பதில்லை.

என் மகனுக்குச் சுவாமி சிப்பியால் மூன்று தரம் தண்ணீர் வார்த்தார். காதுக்குள் இறங்கப் பார்த்த தண்ணீரை ஞானத்தாய் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவனுக்குக் கிடைத்த அதே ஞானஸ்நானம்தான் உங்களுக்கும் கிடைத்திருக்கிறது.

சரி, இனிச் செய்ய வேண்டியது. உங்கள் போதகரிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். பதிவேடு தொலைந்திருந்தால், நேரில் பார்த்த நம்பகமான ஒருவரின் சாட்சியம் போதும். கத்தோலிக்கராக விரும்பினால் விசுவாச அறிக்கை, உறுதிப்பூசுதல், நற்கருணை. மாறாமலே மணமுடிக்கவும் ஆயரின் அனுமதியோடு வழி உண்டு. மாமியோடு நீங்கள் வாதாட வேண்டாம், சுவாமியையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.