டிஸ்க்கில் தொலைந்தவை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பழைய புகைப்பட ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. மீட்பு மென்பொருள் ஒன்றை அதே டிஸ்க்கில் இறக்கி வைத்திருக்கிறேன், இன்னும் ஓட்டவில்லை. படங்கள் கிடைக்குமா?

பதில்: ஓட்டுவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். முதலில் அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

விண்டோஸ் ஒரு கோப்பை நீக்கும்போது உள்ளே இருக்கும் தரவைத் தொடுவதில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று ஒரு குறி மாறும். கோப்பு பிடித்திருந்த இடம் இனி காலி என்று இன்னொரு பக்கம் குறிக்கப்படும். அவ்வளவுதான். பெயர், அளவு, துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற விவரம் எல்லாம் சில காலம் அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள் இந்தக் கைவிடப்பட்ட பதிவுகளைத்தான் தேடிப் படிக்கிறது, மந்திரம் ஏதுமில்லை. ஆனால் காலி என்று குறித்த இடத்தில் விண்டோஸ் எப்போது வேண்டுமானாலும் வேறு எதையாவது எழுதலாம். நீங்கள் இறக்கிய மென்பொருளே சில படங்களின் மேல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி மேலெழுதப்பட்டது போனது போனதுதான், விளம்பரத்தில் என்ன சொன்னாலும் சரி.

மென்பொருளைக் கணினியின் சொந்த டிரைவில் நிறுவுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ரெக்குவா போன்ற ஒன்றே இந்த வேலைக்குப் போதும். தேடல் முடிந்ததும் ‘எங்கே சேமிக்க?’ என்று ஒரு பெட்டி வரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பழக்க தோஷத்தில் பழைய ஃபோல்டரையே காட்டிவிடுவார்கள். முதலில் மீளும் படங்கள், இன்னும் மீளாத படங்களின் மேல் போய் எழுதப்படும். சேமிப்பது கட்டாயம் வேறொரு டிஸ்க்கில்.

கேள்வி: கேமரா மெமரி கார்டை ஃபோட்டோரெக் வைத்து மீட்டேன். படங்கள் வந்தன, ஆனால் எல்லாம் ‘எஃப்’ என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாக இருக்கின்றன. சில படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். ஏன்?

பதில்: ஃபோட்டோரெக் கோப்பு அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. கார்டை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடும். ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற பைட்டுகளில் ஆரம்பிக்கும். பெயர் அட்டவணையில்தான் இருந்தது, படத்துக்குள் இல்லை, அதனால் வராது. எடுத்த தேதி மட்டும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். சாம்பல் நிறப் படங்கள் துண்டு துண்டாகக் கிடந்தவை, அல்லது பாதி மேலெழுதப்பட்டவை.

கேள்வி: டிஸ்க்கைச் செருகினால் ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்கிறது. நண்பர் செக்டிஸ்க் ஓட்டச் சொல்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம், ‘கேன்சல்’ கொடுங்கள். செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சீர்செய்யப் பிறந்தது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. வீடு இழந்த துண்டுகளை ‘ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டரில் சிஎச்கே கோப்புகளாகப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது உள்ளதை உள்ளபடியே ஒரே கோப்பாகப் பிரதி எடுத்துவிட்டு, டெஸ்ட்டிஸ்க் மென்பொருளில் பாருங்கள். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் (டிஸ்க் பகுதியின் அமைப்பைச் சொல்லும் முதல் துண்டு) நகல் ஒன்றை அந்தப் பகுதியின் கடைசியில் வைத்திருக்கும். முதல் பிரதி மட்டும் கெட்டிருந்தால், அந்த நகலை வைத்தே சில நொடிகளில் சரியாகிவிடும்.

ஏற்கெனவே ‘குயிக் ஃபார்மட்’ ஆகியிருந்தாலும் நம்பிக்கை உண்டு, அது அட்டவணையை மட்டும்தான் புதிதாக எழுதும். முழு ஃபார்மட் என்றால் கதை வேறு: விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸ் அப்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியங்களை எழுதிவிடுகிறது.

கேள்வி: டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம். ஃப்ரீசரில் வைத்தால் ஓடுமாமே?

பதில்: ஈரம் படிந்து இருப்பதும் போகும். அந்தச் சத்தம் வந்தால் மென்பொருளின் வேலை முடிந்தது. தரவைப் படிக்கும் தலைப்பகுதி பழுதாகியிருக்கலாம், ஓட ஓடத் தரவு பதிந்திருக்கும் தட்டில் கீறல் விழும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள். வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

சத்தமில்லை, மெதுவாகத்தான் படிக்கிறது என்றால் அது வேறு நிலை. டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்கத் திணறும் துண்டுகள்) எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கோப்புகளைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற பிரதியெடுக்கும் மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் பிரதி எடுங்கள். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சண்டித்தனம் செய்யும் பகுதிகளுக்குத் திரும்பி வரும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீட்பு முயற்சியெல்லாம் அந்தப் பிரதியில்.

கேள்வி: லேப்டாப் எஸ்எஸ்டியில் ஆய்வேட்டு வேர்டு கோப்பை அழித்துவிட்டேன். மென்பொருள் கோப்பின் பெயரையும் சரியான அளவையும் காட்டுகிறது. மீட்டால் திறக்க மறுக்கிறது.

பதில்: உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள்தான் இருக்கும். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ். கோப்பு அழிந்ததும் விண்டோஸ், டிரிம் என்ற கட்டளையால் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. விண்டோஸ் 7 முதல் இதுதான் நடைமுறை. அதற்குப் பிறகு அந்த இடத்தைக் கேட்டால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்ஜியத்தைத்தான் தருகின்றன. பெயரும் அளவும் எம்எஃப்டியில் மிஞ்சியிருப்பதால் மென்பொருள் ஆசை காட்டுகிறது. கட்டண மென்பொருள் வாங்கினாலும் இதே பட்டியல்தான் வரும்.

வேறு வழிகளில் தேடுங்கள். வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பு, பென் டிரைவில் போட்ட பழைய பிரதி, ஒன்டிரைவ் இயங்கியிருந்தால் அதன் இணையக் குப்பைத்தொட்டி. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் வழியாகப் போய், சேமிக்காத ஆவணங்களின் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.