வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு நாட்டின் மீதே வழக்குப் போட முடியுமா?

முடியும், இரு நாடுகளுக்கிடையே அதற்கு இடம்தரும் ஒப்பந்தம் இருந்தால். அந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல், தகராறைத் தீர்க்கவென்றே அமைக்கும் நடுவர் மன்றத்துக்குப் போகும். உள்ளூர் நீதிமன்றம் தன் அரசின் பக்கம் சாயுமோ என்ற பயம்தான் காரணம். பாம்பனில் விசைப்படகு ஒன்று நாட்டுப்படகின் வலையை அறுத்துவிட்டால், விசைப்படகுக்காரரின் சொந்த அண்ணன் தீர்ப்புச் சொல்ல ஒத்துக்கொள்வோமா? ஆளுக்கொருவர், பொதுவாக ஒருவர் என்றுதான் உட்காருவோம். நடுவர் மன்றமும் பெரும்பாலும் அப்படித்தான்.

நம் நீதிமன்றத் தாமதத்துக்காகவே 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்திடம் நடுவர் மன்றத்தில் இந்தியா தோற்றது. பிறகு வந்த இந்தியாவின் 2016 மாதிரி ஒப்பந்தம் (மற்ற நாடுகளோடு முதலீட்டு ஒப்பந்தம் பேச இந்தியா வைத்திருக்கும் முன்வரைவு), முதலீட்டாளரை முதலில் 5 ஆண்டாவது உள்நாட்டில் முறையிடச் சொல்கிறது. பாதிப்பு தெரிந்த ஓராண்டுக்குள் அதைத் தொடங்கவும் வேண்டும். கடுமைதான், ஆனால் தேவையான கடுமை.

நடுவர் மன்றம் நம் சட்டத்தையே ரத்து செய்துவிடும் என்று பலர் நினைப்பது தவறு. பொதுவாக இழப்பீடு கொடுக்கச் சொல்வதோடு சரி.