குளோரின் பட்டால் ஒளிரும் சாயம்

கேள்வி: எங்கள் ஊராட்சித் தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது என்கிறார்கள். ஒளிரும் சாயத்தை வைத்தும் குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் கண்டுபிடிக்கலாமாமே? என் கல்லூரி புராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?
– வேதியியல் மாணவி

பதில்: தாராளமாக எடுங்கள். அந்த மஞ்சள் மருந்து ஆர்த்தோடொலிடின். அது உடம்புக்கு ஆகாது என்பதால் பல இடங்களில் இளஞ்சிவப்பு காட்டும் டிபிடிக்கு மாறிவிட்டார்கள். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. அதைப் பார்க்க டிபிடியே போதும்.

அதைவிடப் பல மடங்கு குறைவான அளவைப் பிடிக்கத்தான் ஒளிரும் சாயம். நிறத்தை அளப்பது பட்டப்பகலில் அகல் விளக்கைத் தேடுவது மாதிரி, ஒளிர்வை அளப்பது அதே விளக்கை அமாவாசை இருட்டில் தேடுவது மாதிரி. ரோடமின் சாயத்தில் ஒரு வளையத்தை மூடிவிட்டால் நிறமும் இருக்காது, ஒளிர்வும் இருக்காது. அந்த வளையத்தில் கந்தகம் வைத்துச் செய்த சாயங்கள் உண்டு, குளோரின் தண்ணீரில் கரைந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம் கந்தகத்தைத் தாக்கியதும் வளையம் திறந்துகொள்ளும், பச்சை ஒளி பாய்ச்சினால் ஆரஞ்சாக ஒளிரும்.

இருட்டிலிருந்து ஒளிக்கு வரும் சாயத்தையே எடுங்கள். மஞ்சள் ஹைலைட்டர் மையைக் கரைத்து பிளீச்சிங் பவுடர் தெளிவைச் சொட்டினால் ஒளிர்வு மங்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் பட்டாலும், தண்ணீர் கலங்கியிருந்தாலும், சாயம் நீர்த்துப்போனாலும் அதே மாதிரிதான் மங்கும். எதனால் மங்கியது என்று எப்படிச் சொல்வீர்கள்?

பெராக்சைடுக்கு போரோனேட் சாயம் பிரபலம். பெராக்சைடு பட்டதும் போரான் பகுதி கழன்று ஃபீனால் ஆகும், சாயம் ஒளிரும். சரி, ஆனால் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் அயனியான ஹைப்போகுளோரைட்டும் அதே வேலையைச் செய்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக! குளோரின் போட்ட தண்ணீரில் அந்தச் சாயத்தை விட்டு, ஒளிர்ந்ததும் பெராக்சைடு என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. மாதிரித் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சோடியம் தயோசல்ஃபேட், அதாவது லேபில் ஹைப்போ என்பார்களே, அதைக் கொஞ்சம் போட்டு, குளோரினை முழுக்கப் போக்கியபின் சாயத்தை விடுங்கள். அதிலும் ஒளிர்ந்தால் அது குளோரின் இல்லை.