காக்காவுக்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை?

கேள்வி (சுருக்கமாக): எனக்கு 67 வயது. மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். காலையில் நடை, பேப்பரில் சுடோகு, சாயங்காலம் கோயில். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் துருப்பிடித்துவிட்டது, எதிலும் ஆர்வம் இல்லை. வீட்டிலும் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. மூன்றாவது படிக்கும் பேரன், கம்பியில் உட்காரும் காக்காவுக்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை என்று தொணதொணக்கிறான். போனில் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடுவேன். மூளையைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்ள எந்த வகுப்பில் சேரலாம்?
- ஒரு வாசகர், மேட்டூர்

பதில்: வகுப்பு இருக்கட்டும். முதலில் அந்தக் காக்காவுக்கு வருவோம்.

உங்கள் முழுக் கடிதம் மூன்று பக்கம். சுடோகுவுக்கு அரைப் பக்கம், பேரனுக்கு மூன்றே வரி, அதுவும் புகாராக. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 34 வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவர் நீங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் அந்த வீட்டில் யார்? பிள்ளை சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறான். நீங்கள்தான் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததா? காக்கா இரண்டு காலையும் ஒரே கம்பியில் வைக்கிறது. இரண்டு காலுக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் அநேகமாக இல்லை. அதனால் மின்சாரம் அதன் உடம்புக்குள் புகாமல் கம்பியோடு போய்விடுகிறது. அதே காக்காவின் சிறகு பக்கத்துக் கம்பியிலோ, தரையோடு இணைந்த, அதாவது எர்த் ஆன இரும்பிலோ பட்டால் முடிந்தது. அகலச் சிறகுள்ள மயில் அப்படித்தான் அடிபட்டு விழுகிறது.

இதைப் போனும் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் லைன் கிளியர் என்கிற வேலை அனுமதியை வாங்கி, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகும், கம்பியைத் தொடப்போகும் அந்த முதல் நொடியில் கை எப்படித் தயங்கும் என்பதைப் போன் சொல்லுமா? 2011-ல் தானே புயல் அடித்தபோது கடலூர் போய், சாய்ந்து கிடந்த பலாவுக்கும் முந்திரிக்கும் நடுவே கம்பம் நட்டதாக எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை உங்கள் பேரன் கேட்டிருக்கிறானா?

தாத்தா என்றால் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதற்கும் பால் வாங்கி வருவதற்கும் இருக்கிற ஆள் என்று இப்போது பல வீடுகளில் ஆகிவிட்டது. இதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். தெரிந்த தொழிலை, பட்ட பாட்டை அடுத்த தலைமுறை காதில் போட்டு வைப்பது வீட்டுப் பெரியவரின் கடமை. வாரியம் 58 வயதில் உங்களை வேலையிலிருந்துதான் விடுவித்தது.

ஆர்வம் இல்லை என்கிறீர்கள். அது தினமும் சாயங்காலம் புத்தகப் பையோடு வந்து உங்கள் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது, நீங்கள் உதறிவிடுகிறீர்கள். கேரளத்தில் ஹரிப்பாடு பக்கத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018-ல் தமது 96-ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். அவருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவர்களில் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் உண்டு. குழந்தைகள் பக்கத்தில் உட்கார அந்த அம்மாவுக்குக் கூச்சம் இருக்கவில்லை. உங்களுக்கு என்ன?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. பேரனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். தெருவிலிருக்கும் 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பத்தில் ஒரு கம்பிக்கு, அதைத் தாங்கும் பீங்கான் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் ஊருக்கு வெளியே பெரிய டவர் பக்கம் போய், அங்கே சரமாகத் தொங்கும் தட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். இங்கே ஏன் இத்தனை என்று அவனே கேட்பான். சொல்லுங்கள். திரும்பி வரும்போது டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உறுமுகிறது என்று கேட்பான். ஒருவேளை அது உங்களுக்கே பாதிதான் தெரிந்திருக்கும். அப்போது போனை எடுங்கள், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

கிளம்பும் முன்னால் ஒன்று. வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும், கம்பத்தையும், அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியையும் தொடவே கூடாது என்பதை முதல் பாடமாகச் சொல்லிவிடுங்கள். அதை அழுத்திச் சொல்ல உங்களைப் போல் அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.