கணினி கேள்வி பதில்: ஃபார்மட் போடட்டுமா?

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். டிடிபி வேலைக்கு 2009-ல் அசெம்பிள் செய்த ஒரு சிஸ்டம் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி. பேஜ்மேக்கர், தமிழ் ஃபான்ட் சாஃப்ட்வேர், அதற்கான லாக் (செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் சாவி) எல்லாம் அதில்தான். சில மாதமாகவே பில்லில் தேதி தப்பாக விழும், பையன் திருத்திவிடுவான். பொங்கலுக்கு நாலு நாள் மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து போட்டால் எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினோம். எக்ஸ்பி லோகோ ஒரு நொடி வந்து, நீலத் திரை விழுந்து, ரீஸ்டார்ட் ஆகிறது. பழைய எக்ஸ்பி சிடியைப் போட்டு மறுபடி ஏற்றப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்கி ஃபார்மட் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். பதினைந்து வருட டிசைன் அதில் இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: ஐயா, முதலில் அந்த சிடியை வெளியே எடுங்கள். உங்கள் டிஸ்க் போயிருக்காது என்றே நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் இரண்டு குறிப்பு இருக்கிறது: தேதி தப்பாக விழுந்தது, நாலு நாள் மெயின் ஆஃப்.

மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் சிறிய வெள்ளி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். 3 வோல்ட், மேலே 2032 என்று பொறித்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பதும் பயாஸ் (விண்டோஸ் வரும் முன்பே ஓடும் போர்டின் சொந்த புரோகிராம்) செட்டிங்கைக் காப்பாற்றுவதும் அதன் வேலை. அது வலுவிழக்கும்போது முதலில் கடிகாரம் பின்தங்கும். அப்புறம் ஒருநாள் செட்டிங் மொத்தமும் அழிந்து, போர்டு கம்பெனியில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பும். எஃப்1 கேட்டது அதனால்தான்.

அந்த செட்டிங்கில்தான் விஷயம் இருக்கிறது. சாட்டா என்ற இணைப்பில் வரும் டிஸ்க்குடன் போர்டு இரண்டு விதமாகப் பேசும். ஒன்று பழைய ஐடிஇ முறை, இன்னொன்று ஏஹெச்சிஐ. எக்ஸ்பி சிடியில் ஏஹெச்சிஐக்கு டிரைவர் கிடையாது, 2008-ல் வந்த சர்வீஸ் பேக் 3 என்ற திருத்தத் தொகுப்பிலும் இல்லை. 2009-ல் உங்களுக்கு எக்ஸ்பி போட்டுக் கொடுத்தவர் பயாஸில் ஐடிஇ என்று மாற்றிவிட்டுத்தான் போட்டிருப்பார். பேட்டரி தீர்ந்ததும் அது ஏஹெச்சிஐக்குத் திரும்பியிருக்கும். டிஸ்க்கில் இருக்கும் எக்ஸ்பிக்குத் தன் டிஸ்க்கே தெரியவில்லை, அதனால் நீலத் திரை. சிடிக்கும் அதே காரணத்தால்தான் டிஸ்க் கண்ணில் படவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்று. நீலத் திரையின் கீழ்ப்பகுதியில் ஸ்டாப் என்ற சொல்லை அடுத்து உள்ள நீளமான எண்ணைப் பாருங்கள். அது 7பி என்று முடிந்தால் என் கணிப்பு சரி. திரை வேகமாக ஓடினால் போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறங்கள். பேட்டரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனையால் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்துங்கள். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பின்பு சிஸ்டத்தைப் போட்டதும் டெலீட் கீயையோ எஃப்2-வையோ தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். தேதியைச் சரிசெய்து, சாட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ என்று மாற்றுங்கள். சில போர்டில் அதையே லெகசி என்றோ கம்பேட்டிபிள் என்றோ போட்டிருப்பார்கள். எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.

அதற்குப் பிறகும் எக்ஸ்பி எழவில்லை என்றால், அப்போதும் ஃபார்மட் வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவை யுஎஸ்பி ஆக்கும் கன்வெர்ட்டர் கேபிளில் வேறு கணினியோடு இணைத்து டிசைன்களை எடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. ஃபைல் இருந்து ஃபான்ட் போய்விட்டால் திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும்.

டிசைன்கள் பத்திரமானதும் எக்ஸ்பியைப் 'பழுதுபார்த்து' ஏற்றலாம். இதில் சாஃப்ட்வேரும் செட்டிங்கும் அப்படியே இருக்கும். சிடியில் பூட் செய்தால் முதல் திரையில் ஆர் அழுத்தச் சொல்லும். அதை அழுத்தாதீர்கள். அது ரெக்கவரி கன்சோல் என்ற கறுப்புத் திரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். என்டர் தட்டி, எஃப்8 கொடுத்து ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால், உங்கள் பழைய எக்ஸ்பியைக் கண்டுபிடித்து அதன் கீழே இரண்டாவது முறையாக ஆர் கேட்கும். அங்கே அழுத்துங்கள். அந்த இரண்டாவது ஆர் வரவே இல்லை, நேராக பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) பட்டியலுக்குப் போகிறது என்றால் எஃப்3 தட்டி வெளியே வந்துவிடுங்கள். சிடியும் கணினியில் இருப்பதும் ஒரே சர்வீஸ் பேக்காக இருக்க வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு ஸ்டுடியோக்காரரின் கணினிக்கு எக்ஸ்பி போட்டேன். பார்ட்டிஷன் பட்டியலில் அளவை மட்டும் பார்த்துவிட்டு டி தட்டினேன், என்டர் தட்டினேன், எல் தட்டினேன். மூன்றே தட்டு. நான் அழித்தது கல்யாணப் படங்கள் இருந்த பார்ட்டிஷனை. பாதி திரும்பக் கிடைத்தது, பாதி கிடைக்கவே இல்லை. அதில் ஒரு வீட்டில் கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் மணமகளின் அப்பா இறந்துபோயிருந்தார். அந்தப் படங்களும் கிடைக்காத பாதியில் இருந்தன. அன்று முதல், காப்பி எடுத்து அதை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் சிடியைத் தொடுகிறேன்.

உங்கள் சிஸ்டம் எழுந்ததும், அதே கையோடு இன்னொரு டிஸ்க் வாங்கி குளோன்ஸில்லா என்ற இலவச சாஃப்ட்வேரில் முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். லாக்கோடு கூடிய தமிழ் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்ற அந்த கம்பெனி ஆளே இன்று கிடைப்பது அரிது.

கேள்வி: எக்ஸ்பி ஏற்றும்போது '34 நிமிடம் பாக்கி' என்ற இடத்தில் மணிக்கணக்காக நிற்கிறது. மூன்று முறை முயன்றுவிட்டேன். (தேவகோட்டை)

பதில்: அந்த இடத்தில்தான் போர்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்தையும் எக்ஸ்பி தட்டிப் பார்க்கிறது. ஏதோ ஒன்று பதில் சொல்லவில்லை. பிரிண்டர், பென் டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். தனியாகச் செருகிய மோடம் கார்டு, டிவி ட்யூனர் கார்டு இருந்தால் கழற்றுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் விடுங்கள். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகுங்கள். என் கடைக்கு வரும் இப்படிப்பட்ட கேஸ்களில் பல இதிலேயே தீர்ந்துவிடுகின்றன.

'ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை' என்று நின்றால் கதை வேறு. சிடியில் கீறல், டிரைவ் லென்ஸில் தூசி, அல்லது பழுதான ராம். வேறு சிடியிலும் ஒவ்வொரு முறை வேறு வேறு ஃபைலில் நின்றால் ராமைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: மறுபடி எக்ஸ்பி போட்ட பிறகு சவுண்டும் நெட்வொர்க்கும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி. போர்டின் சிடி தொலைந்துவிட்டது. (பரமக்குடி)

பதில்: அந்தக் கேள்விக்குறி மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ். வென், டெவ் என்று இரண்டு எண் இருக்கும். வென் தயாரித்தவரின் எண்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா. டெவ் சிப்பின் எண். இரண்டையும் வேறு கணினியில் தேடினால் சரியான டிரைவரின் பெயர் தெரிந்துவிடும். முதலில் சிப்செட், அடுத்து நெட்வொர்க், மற்றவை பிறகு. பழைய கணினியில் வேறு ஓ.எஸ். போடும் முன்பே நெட்வொர்க் டிரைவரை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். எக்ஸ்பியை மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள். என் யூனிகோட் கட்டுரைகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அழிந்துவிட்டனவா? (நாகர்கோவில்)

பதில்: கவலைப்படாதீர்கள் ஐயா, ஒரு எழுத்துகூட அழியவில்லை. ஆங்கில எக்ஸ்பியை ஏற்றினால் இந்திய மொழிகளுக்கான பகுதி தானாக வராது. கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்குவேஜஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். கீழே இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தொடங்கும் முதல் கட்டத்தில் டிக் போடுங்கள். எக்ஸ்பி சிடியைக் கேட்கும். கையில் சிடி இல்லையென்றால் ஏற்றிக் கொடுத்தவரிடம் அதிலுள்ள ஐ386 என்ற ஃபோல்டரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் லதா எழுத்துருவில் உங்கள் கட்டுரைகள் எழுந்து நிற்கும்.

கேள்வி: 2017-ல் வாங்கிய கணினியில் பழைய விண்டோஸ் 7 போட முயல்கிறேன். பயாஸில் வேலை செய்யும் கீபோர்டும் மவுஸும் விண்டோஸ் திரை வந்ததும் செத்துவிடுகின்றன. (ஈரோடு)

பதில்: விண்டோஸ் 7 டிவிடிக்கு யுஎஸ்பி 3 தெரியாது. 2015-ல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் போர்டுகளில் இருந்து பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலர் எடுக்கப்பட்டுவிட்டது. பின்பக்கம் வட்ட வடிவ பிஎஸ்/2 துளை இருந்தால் பழைய கீபோர்டு ஒன்றைச் செருகுங்கள், வேலை செய்யும். இல்லையென்றால் இன்ஸ்டாலருக்குள் யுஎஸ்பி 3 டிரைவரைச் சேர்க்க வேண்டும். அதற்கான சின்ன சாஃப்ட்வேரைப் போர்டு கம்பெனிகளே கொடுத்திருந்தன. 'ஜிபிடி டிஸ்க், ஏற்ற முடியாது' என்று அடுத்து வந்தால் டிஸ்க்கை அழித்து எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறைக்கு மாற்றச் சொல்வார்கள். அதில் உள்ளதெல்லாம் போய்விடும், மறக்காதீர்கள். கட்டாயத் தேவை இல்லையென்றால் இந்தக் கணினியில் விண்டோஸ் 7 வேண்டாம் என்பேன். அதற்கான ஆதரவு 14 ஜனவரி 2020-லேயே முடிந்துவிட்டது.

கேள்வி: எக்ஸ்பி சிஸ்டத்தில் இன்டர்நெட் கொடுக்கலாமா? (காரைக்குடி)

பதில்: கொடுக்காதீர்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 8 ஏப்ரல் 2014-ல் நின்றது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வெளியிட வேண்டி வந்தது, ஆபத்து அந்த அளவுக்கு இருந்தது. பேங்க் வேலை, மெயில் எல்லாம் வேறு கணினியில் செய்யுங்கள். ஃபைல் மட்டும் பென் டிரைவில் போகட்டும், அதையும் புதிய கணினியில் ஸ்கேன் செய்துவிட்டு எக்ஸ்பியில் செருகுங்கள்.